ஒட்டுத்துணித் தோழமை: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டைச் சுற்றி ஒட்டுத்துணி தைக்கிற நாங்கள் சிலர், வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள தோழிகளோடு துணியும் பிளாக்கும் பரிமாறிக்கொள்கிறோம். இதைக் கேள்விப்பட்டுக் கோவை, பொள்ளாச்சி, தாராபுரம் என்று பல பக்கத்திலிருந்தும் விசாரிக்கிறார்கள். ஊர் வேறானாலும் கேள்வி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

குவில்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? போர்வையா, மெத்தையா?

மூன்று அடுக்கு இருக்க வேண்டும். மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு அல்லது தடித்த துணி, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினால் குவில்ட். முகப்பு மட்டும் முடிந்திருந்தால் அது இன்னும் குவில்ட் ஆகவில்லை. அப்படிப் பாதியில் நிற்கிற முகப்பு தைக்கிற எல்லார் பீரோவிலும் இருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. முகப்பில் வரும் ஒவ்வொரு சதுரத்துக்கும் பிளாக் என்று பெயர். பரிமாற்றம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த பிளாக்கைத்தான்.

இது வெள்ளைக்காரர்கள் பழக்கம்தானே? நமக்கு எதுக்குங்க?

வங்காளத்தில் கந்தா, பீகாரில் சுஜனி, சிந்திலும் ராஜஸ்தானிலும் ரல்லி, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. எல்லாமே பழைய துணியை அடுக்கித் தைப்பதுதான். உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி மக்கள் தைக்கும் கவந்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் தனித்தனி பிளாக் தைத்து இணைப்பதில்லை. ஓரத்தில் ஆரம்பித்துத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் பூப்போல ஒன்று வைக்காமல் வேலையை முடிக்க மாட்டார்கள். நம் வீடுகளிலும் பழைய நூல் சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துப் பச்சைக் குழந்தைக்கு விரித்திருக்கிறோம். அதற்கென்று ஒரு பெயர் வைக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

முகம் பார்க்காத இருவர் தையலால் மட்டும் எப்படித் தோழிகள் ஆக முடியும்?

ஃபோனில் பேசிப் பழகுகிற நட்பு முதல் ஒரு மாதம் நன்றாக ஓடும். சாப்பிட்டீங்களா, பையன் என்ன படிக்கிறான், அங்கே மழையா, என்று கேட்டு முடித்தபின் பேச்சு தேயும். தைக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை பாதியில் இருக்கும். இந்த முக்கோணம் ஏன் முனை மழுங்கி வருகிறது, பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் வைக்கலாமா, ஓரப்பட்டி எத்தனை இன்ச் விடுவது என்று கேட்க அடுத்த நாளும் ஒன்று இருக்கும். அந்தப் பேச்சின் நடுவில்தான் மற்றதெல்லாம் வந்து விழும். மகள் பேசுவதில்லை என்பதை நேராகச் சொல்ல வராது. துண்டு வெட்டிக்கொண்டே சொல்லிவிடலாம், கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

இது புதிதும் இல்லை. அமெரிக்காவில் 1840-களில் 'நட்பு குவில்ட்' என்று ஒரு வழக்கம் பரவியது. ஊரைவிட்டு மேற்கே குடிபெயர்கிற குடும்பத்துக்கு உறவும் அக்கம்பக்கமும் ஆளுக்கு ஒரு பிளாக் தைத்து, அதில் தங்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். துணியை அரிக்காத, துவைத்தால் போகாத மை அப்போதுதான் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது, அதுவும் இந்த வழக்கம் பரவ ஒரு காரணம். மேற்கே ரயில் பாதை போடாத காலம். வண்டி கட்டிப் போனவர்களில் பலர் பெற்றவர்களைத் திரும்பப் பார்க்கவே இல்லை, பெயர் எழுதிய அந்தப் போர்வைதான் கூடப் போனது. இன்றைக்கு அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவற்றைப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும்போது பார்த்துவிட்டுப் போன காலம் முடிந்துவிட்டது. இப்போது ஒருத்தி டொரொன்டோவில், ஒருத்தி மெல்பர்னில், இன்னொருத்தி பெங்களூரில் பதினாலாவது மாடியில். ஐம்பது வயதுக்குமேல் புதிதாக ஒரு தோழி கிடைப்பது ஊருக்குள்ளேயே அரிது. அதனால் இந்த நட்பை நான் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். நட்பைப் பிடித்து நிறுத்துவது பேச்சைவிட, இருவருக்கும் நடுவே பாதியில் கிடக்கிற வேலைதான். அது சின்ன வேலையாகவும், தேதி தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற அளவு, தபால், முறை எல்லாமே இதற்காகத்தான்.

அப்படி ஒருவரை எங்கே தேடுவது?

துணி இருக்கும் இடத்தில். பயிற்சி வகுப்பு, கண்காட்சி, துணிக்கடை. 2019 ஜனவரியில் சென்னையில் நடந்த இந்தியா குவில்ட் திருவிழா போன்ற இடங்களுக்கு ஒருமுறை போய்வந்தால் நாலு பேரின் எண் கையில் இருக்கும். வேலையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் ஆலோசனை. நம்மைவிட ரொம்பத் தேர்ந்தவரோடு சேர்ந்தால் ஒவ்வொரு பிளாக்கையும் பயந்து பயந்து அனுப்புவோம். ஏறக்குறைய நம் கைக்குச் சமமான கை இருந்தால் போதும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராதே?

வர வேண்டாம். படமும் அளவும் பேசிக்கொள்ளும். கனடாவில் ஈழத்தமிழர்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் என்று தமிழிலேயே பேச ஆட்களும் உண்டு. ஒரு எச்சரிக்கை: நீங்கள் மீட்டரில் நினைப்பீர்கள், அமெரிக்கக்காரர் கெஜத்தில் நினைப்பார். ஒரு கெஜம் 91.44 சென்டிமீட்டர். அவர் சொல்லும் 'கால் துண்டு' என்பது அரைக் கெஜத்தை நடுவே வெட்டியது, சுமார் 18 இன்ச்சுக்கு 22 இன்ச். நம் கடையில் கால் மீட்டர் கிழித்துக் கொடுத்தால் நீளமான பட்டையாகத்தான் வரும், அந்த அகலம் வராது. அவர் கேட்டது கிடைக்க அரை மீட்டர் வாங்கி நடுவில் வெட்டுங்கள்.

திருப்பூரில் பனியன் கட்டிங் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைத்தே தைக்கலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. மலிவு என்றதும் எல்லாருக்கும் கை நீள்கிறது. பனியன் துணி பின்னல் துணி. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். கால் இன்ச் தையலில் துல்லியமாகச் சேர வேண்டிய பிளாக்குக்கு அது எதிரி. கட்டாயம் அதில்தான் தைக்க வேண்டும் என்றால், அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் ஒட்டியபின் வெட்டுங்கள். குழந்தையின் பழைய டீசர்ட்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பரிமாற்றத்துக்கு அனுப்பும் பிளாக்கில் மட்டும் பனியன் துணியைக் கலக்காதீர்கள். அந்தப் பக்கம் வாங்குகிறவர் அதை நூல் துணி பிளாக்கோடு சேர்க்கப் படாத பாடு படுவார்.

நெய்த பருத்தித் துணிதான் வேண்டும், அதற்கு நமக்கு என்ன பஞ்சம்? ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கள் இரவில் தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும். நைட்டித் துணி, பாவாடைத் துணி, பாப்ளின், கேம்ப்ரிக், எதைக் கேட்டாலும் உண்டு. கரூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் தைக்கும் இடங்களில் மிஞ்சும் படுக்கை விரிப்பு, மேசை விரிப்புத் துண்டுகள் நல்ல அகலத்தில் வரும். கையில் எடுத்துச் சுருக்கிப் பாருங்கள், மடிப்பு விழாமல் வழுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் பாலியஸ்டர் கலப்பு, வைத்துவிடுங்கள். இன்னும் சந்தேகமென்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தில் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

அடித்துணிக்குச் சோமனூர், பல்லடம் பக்கத்துக் காடா போதும். ஆனால் அது கஞ்சியோடு தறியிலிருந்து இறங்கியது. கொதிநீரில் ஊறவைத்து இரண்டுமுறை அலசாமல் வெட்டாதீர்கள், தைத்து முடித்தபின் சுருங்கினால் முகப்பே அலை அலையாக நெளியும். நடு அடுக்குக்குக் கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டைப் போட்டுவிட்டுச் சித்திரை மாதத்தில் யார் போர்த்துவது? நான் பழைய சென்னிமலைப் போர்வையைத்தான் நடுவில் வைக்கிறேன். பல வருடம் துவைத்துப் பழகியது, இனிச் சுருங்காது, எடையும் அளவாக இருக்கும். பவானி ஜமுக்காளத்தை வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை அதற்கு உண்டு, ஆனால் ஊசி இறங்காது. தரையில் விரித்து, மூன்று அடுக்கையும் அதன்மேல் பரப்பிக் குண்டூசி குத்துங்கள், அதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சாயம் ஒரு தனிக்கதை. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நம்பவே கூடாது. ஈர வெள்ளைத் துணியைத் துண்டின்மேல் வைத்து அயர்ன் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி பரிமாற்றத்துக்கு ஆகாது. கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று அம்மா, அத்தை எல்லாரும் சொல்வார்கள். இப்போதைய ரியாக்டிவ் சாயத்துக்கு அது பலிக்காது. துணி ஆலையில் ஒட்டாமல் நின்ற சாயம் அலசித்தான் போக வேண்டும். வெளிநாட்டுத் தோழிகள் 'இந்த நிறம் எங்கே ஏறியது?' என்று கேட்பதும் உண்டு. சாயக்கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றின் கதையை, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னதை நான் மறைப்பதில்லை. அழகான துணியோடு அந்தக் கதையும் தெரியட்டுமே.

உடுத்திய பழைய துணியை அனுப்பினால் மரியாதைக் குறைவா?

நம் ஊரில் யோசிக்க வேண்டிய விஷயம்தான். பழைய சேலை கொடுத்தார் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுகிற ஆட்கள் உண்டு. அதனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் இந்தக் கலையே பழந்துணியில் வளர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத்துணியில் தைத்த குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006-இல் அஞ்சல்தலையிலும் வந்தன. அந்த ஊர் மிஸௌரி பெட்வே 1942-இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். முட்டி தேய்ந்த கால்சட்டை, வெயிலில் வெளுத்த சட்டை எல்லாம் அதில் அப்படியே தெரியும்.

இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக்கூடாது என்பவர்களும் நம்மில் உண்டு, அமுச்சியின் நெகமம் சேலையை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் அதில் ஒரு கை அகலத் துண்டைத் தோழிக்கு அனுப்பினால், அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. எந்த ஊர், யார் உடுத்தியது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

பிளாக் பரிமாற்றத்தை எப்படி நடத்துவது?

முதலில் அளவு. தைத்து முடித்த பிளாக் வெட்டு ஓரத்தோடு 12½ இன்ச் சதுரம், மற்றதோடு இணைத்தபின் 12 இன்ச். தையலுக்கு விடும் ஓரம் கால் இன்ச். நம் தையல் பழக்கம் அரை இன்ச், முக்கால் இன்ச் என்று தாராளமாக விட்டுப் பின்னால் பிரித்துக்கொள்ள வழிவைப்பது. ரவிக்கைக்கு அது சரி, இங்கே ஆகாது. எல்லாரும் ஒரே கால் இன்ச்சைத்தான் விடுகிறார்களா என்று பார்க்க ஒரு வழி: 1½ இன்ச் அகலப் பட்டை மூன்றை நீளவாக்கில் இணைத்து அயர்ன் செய்யுங்கள். மொத்த அகலம் 3½ இன்ச் வந்தால் கை சரி. பரிமாற்றம் தொடங்குமுன் எல்லாரும் இதைத் தைத்துப் படம் அனுப்பட்டும்.

ஆள் ஆறு பேருக்குமேல் வேண்டாம். ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆறு பிளாக் ஒரே மாதிரி தைத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தை அனுப்ப வேண்டும். அதற்குமேல் போனால் இயந்திர வேலை ஆகிவிடும், அதற்குத் திருப்பூரில் பவர்டேபிள் என்கிற மின் தையல் மிஷின் இருக்கிறது.

இன்னொரு முறைக்குச் 'சுற்று' என்று பெயர். ஒருவர் நடுச்சதுரம் தைத்து அடுத்தவருக்கு அனுப்ப, அவர் சுற்றி ஒரு ஓரம் சேர்த்து அதற்கடுத்தவருக்கு அனுப்ப, எல்லார் கையும் பட்டுக் கடைசியில் சொந்தக்காரருக்கே திரும்பி வரும். வெளிநாட்டோடு இதைச் செய்யாதீர்கள். ஒரு பார்சல் தொலைந்தால் ஐந்து பேர் உழைப்பும் சேர்ந்து தொலையும். உள்நாட்டில் செய்யலாம், பிரமாதமாக இருக்கும். திரும்பி வந்ததை விரிக்கும்போது நாம் வைத்த நடுச்சதுரம் நமக்கே அடையாளம் தெரியாது.

தேதி குறிக்கும்போது இரண்டு பக்க நாட்காட்டியையும் பாருங்கள். நமக்கு வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள், தைப்பொங்கல், ஊர் மாரியம்மன் சாட்டு. அவர்களுக்கு நவம்பர் கடைசி முதல் புத்தாண்டுவரை. ஆடி மாதம் நமக்கு விசேஷம் குறைவு, கைக்கும் ஓய்வு, அதுதான் தைக்க நல்ல மாதம் என்பேன். ஆடிப்பெருக்கு ஒருநாளை விட்டுவிடுங்கள்.

பிளாக் அளவு குறைந்து வந்தால் என்ன சொல்வது?

எட்டில் ஒரு இன்ச் என்றால் எதுவும் சொல்லாதீர்கள், சுற்றி ஒரு மெல்லிய பட்டை சேர்த்தால் தீர்ந்தது. அரை இன்ச் என்றால் சொல்லத்தான் வேண்டும், அதுவும் நேரடியாக அவரிடமே. குழுவில் எல்லார் முன்பும் படம் போட்டுக் கேட்காதீர்கள்.

தபாலில் எப்படி அனுப்புவது? செலவு கட்டுமா?

பிளாக் அளவில் நின்றால் கட்டும். ஒரு பருத்தி பிளாக் 15 முதல் 20 கிராம் இருக்கும். முழு குவில்ட் கிலோவைத் தாண்டும். உள்நாட்டில் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்ட்டே போதும். மழைக்காலம் என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் 'துணி' என்று மட்டும் எழுதாதீர்கள். 'பருத்தித் துணித் துண்டுகள், கையால் தைத்தது, அன்பளிப்பு, இத்தனை எண்ணிக்கை' என்று விவரமாக எழுதினால் அங்கே பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு குறையும். இங்கிலாந்தில் 39 பவுன், கனடாவில் 60 கனடா டாலர் வரையான அன்பளிப்புக்கு வரியில்லை. அமெரிக்காதான் இப்போது தலைவலி. 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அந்த அரசு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. நம் அஞ்சல்துறை அங்கே பார்சல் அனுப்புவதையே நிறுத்தி, வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15-இல் மறுபடி தொடங்கியது. விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் அனுப்பும் அன்றைக்குத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நமக்கு வருவதிலும் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு இருந்த விலக்கை நம் அரசு 2019 டிசம்பரில் நீக்கியது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் தப்பின. ஆகவே தோழி அன்போடு அனுப்பும் பெரிய பெட்டிக்கு நீங்கள் வரி கட்ட நேரலாம். பெரிதாக அனுப்பாதே என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும்போது வேப்பிலை, வசம்பு எதையும் துணிக்குள் வைக்காதீர்கள். பூச்சி வராது என்று நம் வீட்டு வழக்கத்தில் கை தானாக வைத்துவிடும். அங்கே செடி சம்பந்தமான எதையும் உள்ளே விடமாட்டார்கள், துணியோடு சேர்த்து அழித்தாலும் அழிப்பார்கள். அந்துருண்டையும் வேண்டாம், அது தீப்பிடிக்கும் பொருள்.

பெயர் எழுத, கோடு போட எந்தப் பேனா?

பெயருக்கு பிக்மென்ட் மை உள்ள மெல்லிய முனைப் பேனா. எழுதியபின் அயர்ன் செய்துவிடுங்கள். கோடு போட, சூட்டில் மறையும் பேனா இப்போது பரவலாகப் புழங்குகிறது. நம் ஊரில் அயர்ன் வைத்தால் கோடு போய்விடும், திரும்ப வராது. ஆனால் அந்த மை அழிவதில்லை, நிறம்தான் மறைகிறது. மைனஸ் 10 டிகிரி அளவுக் குளிரில் அது மறுபடி தெரியும். கனடாவுக்கு ஜனவரியில் போகிற பிளாக்கில் அந்தப் பேனாவைத் தொடாதீர்கள். தையல்காரர் சாக்குக்கட்டி போதும்.

அவர் விலை உயர்ந்த துணி அனுப்புகிறார். நான் என்ன திருப்பி அனுப்புவது?

அமெரிக்கக் குவில்ட் கடையில் நல்ல துணி கெஜம் 12, 13 டாலர் ஆகிறது. அதை ரூபாயாக்கிப் பார்த்ததும் நமக்கு நெஞ்சு அடைக்கும். உடனே இரண்டு பட்டுப்புடவையாவது அனுப்பினால்தான் சரியாகும் என்று தோன்றும். மொய் நோட்டில் வளர்ந்தவர்கள் நாம். வந்ததற்குமேல் ஒரு ரூபாயாவது கூட வைத்துத் திருப்பாவிட்டால் தூக்கம் வராது. இந்த நட்பில் அந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் சீக்கிரமே நட்பு முறியும். அவரும் பதிலுக்குக் கூட்டுவார், நீங்களும் கூட்டுவீர்கள், ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் ஒதுங்கிக்கொள்வார், ஏன் என்றும் சொல்ல மாட்டார்.

அதனால் ஆரம்பத்திலேயே அளவு பேசிக்கொள்ளுங்கள். ஒரு தபாலில் ஆறு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு கை அகலம், விலை பேச்சே கிடையாது. நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அவர்களுக்குக் கிடைக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். கட்டம்போட்ட கைலித் துணியை நாம் மதிப்பதில்லை. மெல்பர்ன் தோழி ஒருவர் மூன்று வருடமாக என்னிடம் அதை மட்டும்தான் கேட்கிறார்.

வீட்டில் 'முகம் தெரியாதவங்களுக்கு எதுக்கு அட்ரஸ் கொடுக்கற' என்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழகி ஒரு சில மாதம் ஆகும்வரை, வீட்டுக்குப் பதிலாகக் கடை முகவரியோ அலுவலக முகவரியோ கொடுக்கலாம். பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 'உங்கள் தோழி அனுப்பிய விலையுயர்ந்த பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள்' என்று ஃபோன் வந்தால் அது மோசடி. தபால்காரர் பார்சலோடு வந்து ரசீது கொடுத்துத்தான் வரி வாங்குவார். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மற்றபடி மாமியார் முணுமுணுப்புக்கு என்னிடம் மருந்தில்லை. வந்த துணியில் அவருக்கு ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்துப் பாருங்கள். வெற்றிலைப் பாக்குக்கு என்றால் இன்னும் விசேஷம்.

ஒரே நேரத்தில் உட்கார்ந்து தைக்க முடியுமா?

முடியும். ஈரோட்டில் காலை ஆறு மணி என்றால் டொரொன்டோவில் முந்தைய நாள் இரவு ஏழரை, கோடைக்காலத்தில் எட்டரை. நாம் வாசல் தெளித்துக் காப்பி குடித்துவிட்டு உட்காரும் நேரம், அவர்கள் சாப்பிட்டு முடித்த நேரம். மெல்பர்ன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது, அவர்களோடு என்றால் நமக்கு மதியச் சாப்பாட்டுக்குப்பின். வீடியோவைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைச் செய்யலாம், பேசியே ஆக வேண்டுமென்பதில்லை. மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஆண்கள் சேரலாமா?

தாராளமாக. டெய்லர் கடை நடத்தியவர்கள் சேர்ந்தால் எங்களுக்குத்தான் பயம், அவர்கள் கால் இன்ச் அப்படி நேராக இருக்கும்.

தோழி பதில் போடுவதை நிறுத்திவிட்டால்?

நடக்கும். பெரும்பாலும் உங்கள்மேல் கோபத்தால் இருக்காது. உடல்நிலை, வேலை போனது, வீடு மாறியது, சில சமயம் தையலே சலித்துப்போனது. ஒரு மாதம் விட்டு ஒரு படம் அனுப்புங்கள், கேள்வி கேட்காமல். அவர் துண்டு வைத்துத் தைத்த பிளாக்கின் படமாக இருந்தால் நல்லது. அதற்கும் பதில் இல்லையென்றால் பொங்கலுக்கு ஒரு அட்டை, அவ்வளவோடு விடுங்கள்.

அவர் பிளாக்குகளை என்ன செய்வது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தூக்கி உள்ளே வைக்காதீர்கள். முடித்துவிடுங்கள், முடித்ததை உபயோகியுங்கள்.

இதைவிடக் கனமானதும் நேரும். எங்களோடு பரிமாறிய ஒரு அம்மா இறந்துபோனார். அவர் மகள் பீரோவைத் திறந்து, பாதி தைத்த முகப்பையும் நறுக்கி வைத்த துண்டுகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களுக்கே அனுப்பினார். ஆளுக்குக் கொஞ்சமாக முடித்து அந்த மகளுக்கே திருப்பினோம். இதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்: இறந்தவர் தைத்த தையல் கோணலாக இருந்தாலும் பிரிப்பதில்லை. அளவு இடித்தால் பக்கத்துத் துண்டைத்தான் சரிசெய்வோம். பின்பக்கத்தில் யார் தொடங்கியது, யார் முடித்தது, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுவோம். உயிரோடு இருக்கும்போதே நீங்களும் உங்கள் துணிப்பெட்டியில் ஒரு சீட்டு வையுங்கள், இது யாருக்குப் போக வேண்டும் என்று. வீட்டில் உள்ளவர்களுக்கு அது வெறும் துண்டுத்துணி, பாத்திரக்காரருக்குப் போய்விடும்.

நேரில் சந்தித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சந்திக்காமலே பல வருடம் நன்றாகப் போகிற நட்பு உண்டு. நேரில் வந்தபின் 'ஃபோனில் இருந்த ஆள் வேற' என்று உணர்ந்தவர்களும் உண்டு. வருகிறார் என்றால் பங்குனி, சித்திரையில் கூப்பிடாதீர்கள், வெயிலில் சுருண்டுவிடுவார். மார்கழி, தை சரியாக இருக்கும். சென்னிமலையில் தறியைக் காட்டுங்கள், பவானியில் குழித்தறியில் உட்கார்ந்து ஜமுக்காளம் நெய்பவரைப் பார்க்கட்டும், செவ்வாய்க்கிழமை கனி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போங்கள். அதோடு நிறுத்துங்கள். ஒறம்பரை வந்தால் நாலு வீட்டில் விருந்து வைத்து ஆளை அசத்துவது நம் வழக்கம். வந்தவருக்குச் சந்தகையும் ஒப்புட்டும் ஒருவேளை போதும். மீதி நேரம் இருவரும் உட்கார்ந்து தைக்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வருகிறார்.

சரி, நான் தொடங்குகிறேன். முதலில் என்ன தைப்பது?

ஒன்பது கட்டம். 4½ இன்ச் சதுரம் ஒன்பது வெட்டுங்கள், ஐந்து அடர்நிறம், நாலு வெளிர்நிறம். மூன்று மூன்றாக மூன்று வரிசை தையுங்கள். முதல், மூன்றாம் வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும், நடு வரிசையை இடப்பக்கமும் மடித்து அயர்ன் செய்தால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பிறகு வரிசைகளை இணையுங்கள். 12½ இன்ச் வர வேண்டும். ஒரே மாதிரி இரண்டு தைத்து ஒன்றை அனுப்பிவிட்டு, மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தபாலுக்கு ஆறு வாரம் என்று தேதி குறித்துக்கொள்ளலாம்.